பாடநூல் பிடிஎஃப் காசுக்கு இல்லை

தரம் 6 முதல் 11 வரையான தமிழ்மொழிமூலப் பாடநூல்களின் பிடிஎஃப், பணம் கட்டி வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. பகிர்ந்தவர் நல்லெண்ணத்தில்தான் பகிர்ந்திருப்பார். ஆனால் தகவல் சரியில்லை. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் இந்த நூல்களை இலவசமாகவே தருகிறது.

சரிபார்க்க இணையம்கூடத் தேவையில்லை. பிள்ளையின் பையிலுள்ள பாடநூலை எடுத்து முன்பக்கங்களைப் புரட்டுங்கள். இலத்திரனியல் வடிவில் பெற எந்தத் தளத்துக்குப் போவது என்று அங்கேயே அச்சிட்டிருக்கும்: எடுபப் டொட் கவ் டொட் எல்கே (edupub.gov.lk). அதை ஆங்கில எழுத்தில் உள்ளபடியே தட்டச்சுச் செய்து, மொழி, தரம், பாடம் மூன்றையும் தெரிவுசெய்தால் போதும்.

இரண்டு இடத்தில் பிசகலாம். கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தினால் வேறு தளத்துக்குப் போய்விடக்கூடும். முகவரி கவ் டொட் எல்கே என்று முடிகிறதா பாருங்கள், அது அரச நிறுவனங்களுக்கு மட்டுமே. மற்றது, நூல் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்திருந்தால் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு "நூல் முழுசா இல்லை" என்று நினைக்க வேண்டாம். வாகரை, பொத்துவில் பக்கம் சிக்னல் இழுபடும் வீடுகளுக்கு அந்தப் பிரிப்பே வசதி: இந்தக் கிழமைக்கு வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுக்கலாம், டேட்டாவும் மிச்சம்.

காசு கட்டுமுன் தயவுசெய்து ஒருதரம் பார்த்துவிடுங்கள்.