முதல் படத்தைப் போடுடா

அக்கா: குழந்தை தூங்கிவிட்டான். அவன் எழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. எப்போது பார்த்தாலும் பெருமை அடிப்பாயே, அந்த அமெரிக்க விண்வெளிக் கதை, ஸ்டார் ட்ரெக், ஸ்டார் ட்ரெக் என்று, அதில் முதல் படத்தைப் போடுடா.

தம்பி: முதல் என்றால் எந்த முதல்?

அக்கா: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது ஒன்று என்று வருமே, அது.

தம்பி: அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது அக்கா. முதலில் எடுத்தது வேறு, முதலில் ஒளிபரப்பானது வேறு, கதைப்படி முதலில் நடப்பது வேறு. முதலில் எடுத்தது 'தி கேஜ்' என்கிற டிவி எபிசோடு. சேனல்காரர்கள் பார்த்துவிட்டு, இதில் மூளைக்கு வேலை அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டாவதாக ஒரு முதல் எபிசோடு எடுத்தார்கள்.

அக்கா: சரி, அதைப் போடு.

தம்பி: அது ஒளிபரப்பானது மூன்றாவதாக.

அக்கா: இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா விண்வெளிக்குப் போனார்கள்?

தம்பி: 1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்க டிவியில் முதலில் வந்தது உப்புப் பூதம் கதை. ஆட்களின் உடம்பில் இருக்கிற உப்பை எல்லாம் உறிஞ்சிவிடும்.

அக்கா: அப்பாவின் பிபிக்கு டாக்டர் சொன்னதும் அதுதானே. போடு, பார்க்கலாம்.

தம்பி: அதில் தொடங்கினால் உனக்குப் பிடிக்காமல் போய்விடும். செட்டெல்லாம் பழசு, பாறையைத் தட்டினால் அட்டைச் சத்தம் வரும் போல இருக்கும், பழகினவர்களால்தான் ரசிக்க முடியும். கதைப்படி முதல் என்றால் 2001இல் வந்த 'என்டர்பிரைஸ்' தொடர். 2151இல் நடக்கிறது, பழைய தொடரின் ஹீரோக்கள் கிர்க், ஸ்பாக் எல்லாம் அதற்கு நூறு வருடம் கழித்துத்தான்.

அக்கா: போடு.

தம்பி: ஐயோ, அதை முதலில் பார்க்கவே கூடாது.

(இந்தக் "கூடாது"வை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், பில்டர் காப்பியில் சர்க்கரை போடுகிறவர்களைப் பற்றியும் இதே குரலில்தான் பேசுவார்.)

அக்கா: நான் கேட்டது படம். நீதான் டிவிக்குப் போய்விட்டாய். சினிமாவில் முதல் எது?

தம்பி: 1979இல் வந்தது. 132 நிமிடம். கேப்டன் கிர்க் ரொம்ப நாள் கழித்துத் தன் கப்பலைப் பார்க்கிறார். கேமரா கப்பலைச் சுற்றி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.

அக்கா: பெண் பார்க்கும் படலமா?

தம்பி: அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். ஒற்றைப்படைப் படம் தேறாது, இரட்டைப்படைதான் நன்றாக இருக்கும் என்று ரசிகர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

அக்கா: விண்வெளிக்குப் போயும் ராகு காலம் பார்க்கிறீர்கள். சரி, இரண்டு. இரண்டில் குழப்பம் இல்லையே?

தம்பி: 'தி ராத் ஆஃப் கான்', 1982. எல்லாவற்றிலும் அதுதான் உசத்தி. ஆனால் கான் யார் என்று தெரிய 1967இல் வந்த எபிசோடைப் பார்த்திருக்க வேண்டும். முழுப் பெயர் கான் நூனியன் சிங்.

அக்கா: கானும் சிங்கும் ஒரே ஆளா?

தம்பி: வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று அதிலேயே சொல்வார்கள். இருநூறு வருடம் கப்பலில் உறைந்து கிடந்து எழுந்தவர். நடித்தது ரிக்கார்டோ மொண்டல்பான், மெக்சிகோக்காரர். 2013 படத்தில் அதே கான் திரும்ப வருகிறார், அதில் பெனடிக்ட் கம்பர்பேட்ச்.

அக்கா: வெள்ளைக்காரர்.

தம்பி: ம்.

அக்கா: ஐஸில் வைத்தால் நிறம் வெளுக்குமா?

தம்பி: இந்தியர்களே இல்லை என்று நினைக்காதே. 1979 படத்தில் பெர்சிஸ் கம்பாட்டா இருந்தார். 1965இல் மிஸ் இந்தியா.

அக்கா: அவரையாவது இந்தியப் பெண்ணாக நடிக்க விட்டார்களா?

தம்பி: இல்லை, வேற்றுக்கிரகப் பெண். தலையை மொட்டை அடித்துவிட்டார்கள்.

அக்கா: ஆக, இந்தியர் வேண்டும் என்றால் மெக்சிகோவில் தேடுவார்கள், இந்தியாவிலிருந்தே ஒருத்தி போனால் மொட்டை அடித்து வேறு கிரகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஜாதி, நாடு எல்லாம் ஒழிந்த எதிர்காலம் என்று போன வாரம் எனக்கு ஒரு மணி நேரம் சொன்னாயே, இதைப் பற்றித்தானா?

தம்பி: அந்தக் காலம் அக்கா...

அக்கா: 2013 எந்தக் காலம்? நகரு, நானே தேடுகிறேன். இதோ, 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்'. பெயரிலேயே முதல் என்று இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு நேரம் மறைத்தாய்?

தம்பி: அது எட்டாவது படம்.

அக்கா: எட்டாவது படத்துக்கு முதல் என்று பெயர் வைத்தவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து.

தம்பி: 2063இல் மனிதர்களும் வல்கன் என்கிற வேற்றுக்கிரகத்துக்காரர்களும் முதன்முதலாகச் சந்திக்கிற நாளைப் பற்றிய கதை, அதனால் அந்தப் பெயர். இரட்டைப்படை, நல்ல படம்தான். ஆனால் போர்க் என்கிற கூட்டம் யார் என்று தெரியாமல் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. அதற்கு 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் இருக்கிறது, 178 எபிசோடு.

அக்கா: அந்த மனிதனும் வல்கனும் 178 எபிசோடு பார்த்து முடித்துவிட்டா கைகுலுக்கினார்கள்?

தம்பி: எல்லாவற்றையும் வேண்டாம், முக்கியமானது மட்டும் குறித்துத் தருகிறேன். கிளிங்கான் என்கிற இன்னொரு வேற்றுக்கிரகக் கூட்டத்தின் நெற்றி விஷயமும் அப்படித்தான். பழைய தொடரில் நெற்றி வழவழ என்று இருக்கும், 1979 படத்திலிருந்து மேடும் பள்ளமுமாக ஆகிவிட்டது. 1996இல் ஒரு எபிசோடில் கிளிங்கான் ஒருவரிடமே கேட்கிறார்கள், அதை வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் 2005இல்தான் காரணம் வந்தது, வைரஸ்.

அக்கா: அன்றைக்கு மேக்கப்புக்குக் காசு இல்லை என்று ஒரு வரியில் சொல்ல வேண்டியதற்கு 26 வருடம்! சரி, நீ எதில் தொடங்கினாய்?

தம்பி: நானா? அது... எட்டாம் வகுப்பு லீவில் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது 'வாயேஜர்' ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா: முதல் எபிசோடா?

தம்பி: இல்லை, மூன்றாவது சீசனோ நான்காவதோ.

அக்கா: கேப்டன் யார், கப்பல் எங்கே போகிறது, ஏதாவது தெரிந்ததா?

தம்பி: ஒன்றும் தெரியவில்லை. ஒரு அம்மா காப்பி குடித்துக்கொண்டே எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் கேப்டன் என்பதே அப்புறம்தான் புரிந்தது.

அக்கா: பிடித்ததா?

தம்பி: அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அக்கா: நீ மட்டும் ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஏறுவாய். நான் ஏறுவதென்றால் பஸ் டிப்போவிலிருந்து கிளம்ப வேண்டும், டிரைவர் லைசென்ஸ் காட்ட வேண்டும், பஸ்ஸின் நெற்றி ஏன் வழவழ என்று இருக்கிறது என்று கண்டக்டர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டும். அந்தக் காப்பி அம்மாவின் கப்பலுக்கு என்ன ஆனது?

தம்பி: 70,000 ஒளியாண்டு தள்ளிப் போய் மாட்டிக்கொண்டது. வீடு திரும்பவே 75 வருடம் ஆகும் என்று கணக்கு. கடைசியில் ஏழே வருடத்தில் வந்துவிடுவார்கள்.

அக்கா: அவர்களே வந்துவிட்டார்கள். நான் இன்னும் சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். போதாததற்கு முடிவையும் சொல்லிவிட்டாய்.

தம்பி: ஐயோ, சாரி அக்கா.

அக்கா: எழுந்துவிட்டான், அழுகிறான் பார். போய்த் தூக்கு. மாமாவிடம் முதலிலிருந்து கதை கேட்கட்டும், அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது. நான் வாயேஜரை நடுவிலிருந்து பார்க்கப் போகிறேன்.

தம்பி: எந்த நடு?