கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர் ஒருவர்கூட இல்லையாம். சரி, அந்த 179 நாள்?

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். 2021 ஜூலை 20-ஆம் தேதி மாநிலங்களவையில் மத்திய அரசு சொன்ன அந்தப் பதிலை நீங்கள் எல்லாரும் பகிர்ந்து, திட்டி, மீம் போட்டு ஓய்ந்துவிட்டீர்கள். நான் தாமதமாகத்தான் வருவேன். அரசு மருத்துவமனை ஸ்டோர்ஸில் 31 வருடம் மருந்தாளுநராகக் குப்பை கொட்டியவன். தாமதம் உடம்பில் ஊறிப்போன சங்கதி.

ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் 'குறிப்பாக'த் தெரிவிக்கவில்லை என்பது பதில். அந்தக் 'குறிப்பாக'வை அங்கே செருகிய அதிகாரி யாரோ, அவருக்கு என் வணக்கம். எங்கள் ஆபீஸில் இருந்திருந்தால் ஆடிட்டுக்குப் பதில் எழுதும் வேலை முழுவதையும் அவரிடமே தள்ளியிருப்போம். பொய் என்று பிடிக்கவும் முடியாது, உண்மை என்று நம்பவும் முடியாது.

ஆனால் என் எரிச்சல் அந்தப் பதிலோடு மட்டும் இல்லை. பதிலைத் திட்டுகிற யாரும் அதற்கு முந்தைய 179 நாளைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கணக்கு இதுதான். 2020 செப்டம்பர் நடுவில் முதல் அலை உச்சத்துக்குப் போனது. ஒரே நாளில் 97 ஆயிரத்துக்கும் மேல் புதுத் தொற்று. அந்த உச்சம் இறங்க ஆரம்பித்த பிறகு, அக்டோபர் 21 அன்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கும் மத்திய மருத்துவச் சேவைகள் சங்கம் டெண்டர் விட்டது. 150 மாவட்ட மருத்துவமனைகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ பிளான்ட் வைக்க வேண்டும். அடுத்த மாதமே, நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு, மருத்துவமனைத் தேவைக்கு ஏற்ப ஆக்சிஜன் உற்பத்தியை உறுதி செய்யுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரி 5 அன்று பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 162 பிளான்டுக்கு 201.58 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவிப்பு. டெண்டருக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவில் மட்டும் 76 நாள்.

ஏப்ரல் 18 அன்று அமைச்சகமே ட்விட்டரில் கணக்குச் சொன்னது. 162-ல் 33 நிறுவியாகிவிட்டது. பெருமையாகத்தான் சொன்னார்கள். அன்றைக்குப் புதுத் தொற்று இரண்டரை லட்சத்துக்கும் மேல். எத்தனை பிளான்ட் உண்மையில் ஓடுகிறது என்று பத்திரிகைக்காரர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போன் போட்டு விசாரித்தார்கள். கிடைத்த எண் இன்னும் கேவலம். நிறுவியது என்றால் ஓடுகிறது என்று அர்த்தமில்லை, ஸ்டோர்ஸ்காரனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 21 முதல் ஏப்ரல் 18 வரை 179 நாள். கையில் பணம் இருந்தது. எச்சரிக்கை இருந்தது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று தொற்று குறைந்து கிடந்த மூன்று மாதம் சும்மா இருந்தது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நேரம் இருந்தது.

பிஎஸ்ஏ என்றால் ராக்கெட் ஒன்றும் இல்லை. காற்றை அழுத்தி ஜியோலைட் நிரப்பிய தொட்டிக்குள் அனுப்பினால் அது நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் மறுபக்கம் வரும். ஒரு ஷெட், மின் இணைப்பு, வார்டு வரை செம்புக்குழாய். அவ்வளவுதான். பல வருடப் பராமரிப்பையும் சேர்த்து ஒரு பிளான்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி. ஏன் தாமதம் என்று கேட்டால், மருத்துவமனை இடத்தைத் தயார் செய்யவில்லை என்றது கம்பெனி. கம்பெனிக்காரன் ஆளையே காணோம் என்றது மருத்துவமனை. இந்தப் பல்லவியை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் எப்போதும் பாதி உண்மையாக இருக்கும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊரில் (பேர் வேண்டாம்) பிரசவ வார்டில் சளி, நீர் உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின் ஒன்று பழுதாகிவிட்டது. புதிது வேண்டும் என்று சிஸ்டர் இண்டெண்ட் எழுதிக் கொடுத்தார். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மேலே அனுப்பினேன். திரும்பி வந்தது. பழைய மெஷின் இனி உதவாது என்று கண்டம் செய்த சான்று எங்கே? கண்டம் செய்ய இன்ஜினியர் கையெழுத்து வேண்டும். அந்த இன்ஜினியர் பணியிடம் காலி. பொறுப்பில் இருந்தவர் மூன்று மாவட்டத்துக்கு ஒரே ஆள். அவர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போடுவதற்குள் கொட்டேஷன் காலாவதி. மறுபடி மூன்று கொட்டேஷன். பதினான்கு மாதம் கழித்து மெஷின் வந்து இறங்கியது. பெரிய பின் பிளக். வார்டில் இருந்ததெல்லாம் சின்ன சாக்கெட். அந்தச் சாக்கெட்டை மாற்ற தனியாக ஒரு கோப்பு.

சிரிக்கலாம். நானும் பல பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பதினான்கு மாதமும் பக்கத்து வார்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிய சிஸ்டரிடம் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, தேதி போடாத ஒரு கையெழுத்தைக் காரணம் காட்டி ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் என்ன பொருள் கேட்டிருந்தார்கள் என்றுகூட நினைவில்லை. அதுதான் விஷயம். ஒரு நாளுக்கு என்ன விலை என்பது கோப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. விலைக்கு ஒரு கட்டம் இருக்கும், வரிக்கு ஒரு கட்டம் இருக்கும், நாளுக்குக் கட்டமே கிடையாது.

இப்போது கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு.

"டெண்டர் இல்லாமல் வாங்கினால் ஊழல் என்று நீதானே கத்துவாய்?" ஆமாம், கத்துவேன். நியாயமான கேள்வி இது ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் டெஸ்ட் கிட் அவசர அவசரமாக வாங்கினோமே, மறந்திருக்க மாட்டீர்கள். 245 ரூபாய்க்கு வந்து இறங்கிய கிட்டை மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆருக்கு 600 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். தமிழ்நாடு கொடுத்த ஆர்டரும் அதே 600-க்குத்தான். விநியோகஸ்தர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதால் அது வெளியே வந்தது, நீதிமன்றம் 400-க்கு மேல் கூடாது என்றது. கடைசியில் கிட்டே சரியில்லை என்று எல்லாம் திருப்பி. ஆக, வேகம் மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அதைக் காட்டி இதை நியாயப்படுத்தாதீர்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏன் ஆரம்பித்தார்கள்? விலையை முன்கூட்டியே பேசி முடித்து, மாவட்டக் கிடங்கில் சரக்கை வைத்து, மருத்துவமனைக்கு அதன் ஒதுக்கீட்டைக் குறித்த ஒரு பாஸ்புக் கொடுத்துவிட்டால், வேண்டியபோது போய் எடுத்துக்கொள்ளலாம். சுத்தமாகவும் வாங்கலாம், சீக்கிரமாகவும் வாங்கலாம் என்று காட்டியது நம் ஊர். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் ஆரம்பித்தன. அவசரத்துக்குச் சட்டத்தில் வழியில்லை என்றும் சொல்லாதீர்கள். 1998-ஆம் வருடத்து நம் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள், பேரிடருக்கும் அறிவிக்கப்பட்ட அவசரத்துக்கும் விலக்கு இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளிலும் அவசரக் கொள்முதலுக்குக் கதவு உண்டு. கதவு இருக்கிறது, திறக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. நாளைக்கு ஆடிட் வந்தால் யார் பதில் சொல்வது? வாங்கியவனைத்தான் ஆடிட் கேட்கும். வாங்காதவனை எந்த ஆடிட்டும் கேட்டதில்லை, 31 வருடத்தில் நான் பார்த்ததில்லை.

"சுகாதாரம் மாநிலப் பட்டியல்." டெண்டர் விட்டது யார்? பணத்தை வைத்திருந்தது யார்? அடுத்த கேள்வி.

"அமெரிக்காவே திணறியது." ஆமாம், அங்கேயும் அவசர இருப்புக்கான மலிவு வென்டிலேட்டருக்கு 2010-ல் ஒப்பந்தம் போட்டு, கம்பெனி கைமாறி, கொரோனா வந்தபோது ஒன்றுகூடக் கையில் இல்லை. அதற்கு? பக்கத்துத் தெருவில் இழவு விழுந்தால் நம் வீட்டில் அழக்கூடாதா?

"நீ எந்தக் கட்சி?" போய்ப் படுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஏப்ரல் 25 அன்று, ஊரெல்லாம் பற்றி எரிந்துகொண்டிருக்கும்போது, மேலும் 551 பிளான்டுக்கு ஒப்புதல். மூன்று நாள் கழித்து, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் தொழில்நுட்பத்தில் மூன்று மாதத்தில் 500 பிளான்ட் என்று அறிவிப்பு. தேஜஸ் விமானத்தில் விமானிக்கு ஆக்சிஜன் தயாரிக்க உருவாக்கிய அதே நுட்பம். அதில் 48 பிளான்ட் செய்யும் ஆர்டர் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குப் போனது. கோயம்புத்தூர்! 2020 அக்டோபரில் கோயம்புத்தூர் எங்கே போயிருந்தது? அங்கேயேதான் இருந்தது. பிணம் விழுந்த பிறகு ஒரே வாரத்தில் நகர்கிற கோப்பு, விழுவதற்கு முன்னால் ஏன் 179 நாள் படுத்துக் கிடந்தது?

கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மருத்துவமனையில் ஒரே நாளில் 24 பேர் இறந்தார்கள். செங்கல்பட்டில் ஓர் இரவில் 13 பேர், அங்கே பற்றாக்குறையே இல்லை என்றார்கள். டெல்லியில் ஒரு மருத்துவமனையில் அங்கேயே வேலை பார்த்த டாக்டர் உட்பட 12 பேர். குறிப்பாக யாரும் தெரிவிக்கவில்லை. சரி.

எங்கள் அத்தான் மே மாதம் இரண்டாவது வாரம் போனார். இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆக்சிமீட்டரில் 86. வீட்டில் கடனுக்கு வாங்கிய சிலிண்டரில் இரண்டு நாள் ஓட்டினோம். அப்புறம் ஆம்புலன்ஸ், மருத்துவமனை வாசலில் நாலரை மணி நேரம். படுக்கை இருக்கிறது, ஆக்சிஜன் பாயின்ட் இல்லை என்றார்கள். முப்பத்தொரு வருடம் அந்த உலகத்தில் இருந்தவன் நான். யார் யாருக்கோ போன் போட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு உள்ளே எடுத்தார்கள். மூன்று மணி வாக்கில் ஆக்சிஜன் அழுத்தம் குறைகிறது என்று டாக்டர் பிள்ளைகள் ஓடினார்கள். பாவம், என் பேத்தி வயசு. விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு அத்தான் போய்விட்டார்.

ஆக்சிஜன் இல்லாமல்தான் போனாரா? தெரியாது. மருத்துவம் படித்தவன் இல்லை நான், சத்தியம் செய்ய மாட்டேன். சான்றிதழில் கோவிட் நிமோனியா, இதயமும் நுரையீரலும் நின்றுவிட்டன என்று இருக்கிறது. யாருக்குத்தான் கடைசியில் அது நிற்காமல் இருக்கிறது? ஆக்சிஜன் குறைந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதனால் டெல்லிக்குப் போன கணக்கிலும் இல்லை. பொருளை வாங்கும் காகிதத்துக்கு 179 நாள், வாங்காததை மறைக்கிற காகிதத்துக்கு ஒரு வரி.

இது கொள்முதலைப் பற்றிய பதிவு. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். "டிவியில சொன்னாங்களே தம்பி, நீ பாத்தியா?" பார்த்தேன்க்கா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், செருப்பு ஸ்டாண்டில் கிடக்கிற அந்த ரெகுலேட்டரை யாருக்காவது கொடுத்துவிடு, பார்க்க முடியவில்லை என்றாள்.

சிலிண்டர் ரெகுலேட்டரும் ஃப்ளோமீட்டரும் இருக்கிறது. மூன்றாவது அலை வரும் என்கிறார்கள், தேவைப்படுகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காசு வேண்டாம். ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டில் மூடியில் மட்டும் லேசாக விரிசல், மாற்றிக்கொள்ள வேண்டும்.