"இங்கே பரவவில்லையே" என்பது பதிலாகாது

ஆப்பிரிக்கத் துலிப் மரம் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் படத்தை யாராவது போட்டால் போதும், கீழே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, "ஆபத்தான அயல் மரம், வெட்டித் தள்ளுங்கள்". இன்னொன்று, "இத்தனை காலமாக நிற்கிறதே, எங்கே பரவியது?" இரண்டாவது நல்ல கேள்வி. கேட்பவர்கள்தான் அதையே பதிலாகவும் வைத்துக்கொள்கிறார்கள்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து பூவழகுக்காக உலகம் சுற்றிய மரம் இது. ஹவாயிலும் ஃபிஜியிலும் குயின்ஸ்லாந்திலும் அடங்காமல் பரவி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. காகிதச் சிறகு கட்டிய விதைகளைக் காற்று அள்ளிப் போகும். வெட்டினால் கட்டை துளிர்க்கும், வேர்த் துண்டும் முளைக்கும். பிரேசிலில் இதன் பூக்களுக்குள் கொடுக்கில்லாத் தேனீக்கள் செத்துக் கிடந்தது தனிக் கதை.

பிறகு ஏன் சில இடங்களில் சாதுவாக நிற்கிறது? தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காத மரம் இது. ஒற்றை மரமாக இருந்தால் காய் பிடிப்பது அபூர்வம். தெருவுக்கு நாலு நட்டுவிட்டால் நிலைமை வேறு. நட்ட பல பத்தாண்டுகளுக்குப் பிறகு திடீரெனப் பரவத் தொடங்குவது அயல் மரங்களிடம் புதிதல்ல.

அதனால்தான் ஆஸ்திரேலியர்கள் 1990களில் உருவாக்கிய களை அபாய மதிப்பீட்டை நான் நம்புகிறேன். 49 கேள்விகள். வேறெங்காவது களையானதா, அங்குள்ள தட்பவெப்பம் இங்கும் உண்டா, விதை எப்படிப் பயணிக்கிறது என்று போகும். மதிப்பெண் 6ஐத் தாண்டினால் அந்தச் செடிக்கு நாட்டுக்குள் அனுமதி கிடையாது. தன் வீட்டில் திருடு போகும்வரை காத்திருக்காமல், பக்கத்துத் தெருவில் என்ன நடந்தது என்று விசாரிக்கிற முறை.

ஆனால் அது நாட்டுக்குள் விடலாமா என்று முடிவெடுக்கப் பிறந்த கருவி. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரத்தை என்ன செய்வது என்பதற்கு அந்த ஒரு எண் போதாது. போர்ட்டோ ரிக்கோவில் கைவிடப்பட்ட விளைநிலங்களை முதலில் பிடித்தது இந்த மரம்தான்; பின்னால் அதன் நிழலிலேயே உள்ளூர் மரங்களும் தலைதூக்கின. ஃபிஜி விவசாயிக்கோ அதே மரம் உழுத நிலத்தில் முளைக்கும் தலைவலி.

என் கட்சி இதுதான்: புதிதாக நடவே வேண்டாம், நாற்றுப் பண்ணைகள் விற்கவும் வேண்டாம். நெரிசலான நகரச் சாலையில் நிற்கும் கிழட்டு மரத்தின் மீது கோடாரியோடு பாய அவசரமில்லை. ஓடைக்கரையிலோ தரிசிலோ தானாக முளைத்த கன்று தென்பட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதை அங்கேயே ஈர மண்ணில் போட்டுவிட்டு வந்தால் மறுபடி வேர்விட்டுவிடும்.