களிமண்ணில் விழுந்த பித்தளைக் குண்டு

பள்ளியில் பந்து வளையச் சோதனை பார்த்த ஞாபகம் இருக்கிறதா? குளிர்ந்த பித்தளைக் குண்டு வளையத்துக்குள் நுழையும், விளக்கில் சூடாக்கினால் நுழையாது. அந்தக் கருவி 300 வருடங்களுக்கு முந்தைய ஒரு பேராசிரியரின் பெயரோடு சேர்ந்தது. ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய வில்லெம் ஸ்கிராவசாண்டே. எனக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் படித்தது சட்டம். 1715-ல் தூதுக்குழுவின் செயலாளராக லண்டன் போனவர், அங்கே நியூட்டனைச் சந்தித்தார். 1717-ல் லைடனில் பேராசிரியர் ஆனார். பழைய நூலை வாசித்து விளக்குவதும் லத்தீனில் வாதம் செய்வதும்தான் இயற்கைத் தத்துவ வகுப்பு, அதாவது அன்றைய இயற்பியல் வகுப்பு, என்று வெகுகாலம் இருந்தது. ஆனால் லைடனில் 1675-லேயே டி வோல்டர் என்பவர் சோதனை காட்டும் அரங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஸ்கிராவசாண்டே அதை எங்கேயோ கொண்டுபோனார். கப்பி, நெம்புகோல், சாய்தளம், மோதும் குண்டுகள் எல்லாம் மாணவர் கண்முன்னே நடந்தன. கருவிகளைச் செய்து தந்தவர் யான் வான் முஷன்புரூக். அவற்றில் பலவற்றை லைடன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் நான் அவரை மதிப்பது கருவிகளுக்காக இல்லை.

நகரும் பொருளின் 'விசை' எதைப் பொறுத்தது என்று அப்போது ஐரோப்பாவே இரண்டுபட்டுக் கிடந்தது. நிறையை வேகத்தால் பெருக்கு என்றது நியூட்டன் பக்கம். வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்றார் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ். ஸ்கிராவசாண்டே நியூட்டன் பக்கம். 1722-ல் அவர் மென்மையான களிமண்ணில் பித்தளைக் குண்டுகளை விழவிட்டுப் பள்ளத்தை அளந்தார். ஒரே அளவுள்ள இரண்டு குண்டுகள், ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு எடை. லேசான குண்டை மூன்று மடங்கு உயரத்திலிருந்து விட்டால்தான் இரண்டும் ஒரே பள்ளத்தைத் தோண்டின. உயரம் மூன்று மடங்கானால் வேகத்தின் வர்க்கம்தான் மூன்று மடங்காகும், வேகம் ஆகாது. அதாவது லைப்னிட்ஸ் சொன்னதே சரி.

தான் நம்பியது தவறு என்று அவர் வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். நியூட்டனின் நண்பர் சாமுவேல் கிளார்க் 1728-ல் மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஸ்கிராவசாண்டே அசையவில்லை. 1740-ல் பிரான்ஸைச் சேர்ந்த அறிஞர் எமிலி து ஷாத்லே பிரெஞ்சில் எழுதிய இயற்பியல் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று வாதாடியபோது இந்தச் சோதனையும் கைகொடுத்தது. இரண்டு கணக்குகளுமே தேவை, ஒன்று உந்தம், இன்னொன்று இயக்க ஆற்றல் என்று பிற்பாடு தெளிவானது. இயக்க ஆற்றல் சூத்திரத்தில் நாம் மனப்பாடம் செய்த அந்த 'அரை' இருக்கிறதே, அது 1829-ல் பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலி எழுதியபோதுதான் ஒட்டிக்கொண்டது.

அரை எம் வி ஸ்கொயர் என்று நான் ஒரே மூச்சில் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஏன் ஸ்கொயர் என்று வகுப்பில் ஒருவருமே கேட்கவில்லை. ஆசிரியரின் நம்பிக்கையே தோற்றுப்போக இடம் இருக்கும் வகுப்பைத்தான் நான் இயற்பியல் வகுப்பு என்பேன். சிலபஸ் முடிக்க நேரமில்லை என்கிறார்கள், புரிகிறது. ஆனால் இதற்கு வேண்டியது ஒரு கூடை களிமண்ணும் இரண்டு குண்டுகளும்தான்.

போன மாதம் அக்கா மகளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். ஒரே பேரிங் குண்டு, முதலில் ஓரடி உயரம், அப்புறம் நாலடி. "வேகம் ரெண்டு மடங்குதானே மாமா, பள்ளம் ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.