கேப் வந்ததும் சிக்கிமுக்கிக்கு மூடுவிழாவா?

அடித்தால் வெடிக்கும் மருந்தால் துப்பாக்கியைச் சுடும் முறைக்கு 1807-ல் ஃபோர்சித் காப்புரிமை வாங்கியதும், கல் உரசும் பொறியால் சுடும் சிக்கிமுக்கித் துப்பாக்கிகளை ராணுவங்கள் தூக்கி எறிந்துவிட்டன என்று ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. அவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார், வாத்து வேட்டைக்காரர். சிக்கிமுக்கியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணியில் மருந்து பற்றும் பளிச்சைப் பார்த்ததுமே பறவைகள் பறந்துவிடுகிற எரிச்சலில்தான் இந்த வேலையில் இறங்கினார். 1815-ல் வாட்டர்லூ போரில் இரு தரப்பும் சுட்டது சிக்கிமுக்கியால்தான். நம் தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி அடித்ததும் வெடிக்கும் செம்புக் கேப் (மருந்து வைத்த சின்ன மூடி) அதற்கு அப்புறம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1834-ல்தான் லண்டன் பக்கத்து உல்விச்சில் இரண்டையும் தலா ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தது: சிக்கிமுக்கி 922 முறை பொய்த்தது, கேப் வெறும் 36. இவ்வளவு தெரிந்தும் பழையதை அப்படியே வீசிவிடவில்லை, செலவு யார் கொடுப்பது? பலவற்றைக் கேப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பழம்பொருள் கடையில் பிரெஞ்சு 1822 மாடல் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நல்ல கனம். பக்கத் தகட்டில் பழைய கிண்ணியும் அதன் ஸ்பிரிங்கும் இருந்த இடத்துத் துளைகளை உலோகம் வைத்து அடைத்து அராவியிருந்தார்கள். விரலால் தடவினால்கூடத் தட்டுப்படாது, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் வட்டம் தெரியும். கேப்பை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகம், அதாவது துப்பாக்கியின் குதிரை, புதுசு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் 'அடைப்பு இருந்தால் போலி' என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, பல நேரம் அந்த அடைப்புதான் ராணுவப் பட்டறையில் மாற்றியதற்கான அடையாளம்.