செக்கிங் அக்கா போட்டோவை குரூப்பில் போட்டவருக்கு

வெள்ளிக்கிழமை எங்கள் பனியன் கம்பெனி குரூப்பில் வந்த போட்டோவை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். தைத்து வரும் பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா, கையில் ரிட்டர்ன் வந்த டி-சர்ட்டோடு தலைகுனிந்து நிற்கிறார். கீழே, ‘இவருடைய கவனக்குறைவால் 1,200 பீஸ் போச்சு’. அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் வேறு தூக்கியிருக்கிறீர்கள்.

தப்பு நடந்தால் முன்னால் வந்து நிற்க வேண்டியவர் மேனேஜர். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அந்த பீஸ்கள் செக்கிங் டேபிளில் இருந்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. துவைத்த பிறகுதான் நீளம் குறைந்திருக்கிறது. ரோலில் வருகிற பனியன் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். பிரித்துப் போட்டு ஒரு நாளாவது ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கட்டிங் மாஸ்டர் அதைக் கேட்டார். ‘ஷிப்மென்ட் தேதி இருக்கு, வெட்டுங்க’ என்றது யார்? செக்கிங் அக்காவா?

2004-ல் நான் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், புதுசு. எம் சைஸ் துணிக் கட்டில், அதாவது பண்டிலில், எல் லேபிளை வைத்துத் தைத்துவிட்டேன், இருநூறு பீஸ். முதலாளி வந்து கத்தியபோது சூப்பர்வைசர் அண்ணன், ‘பண்டிலை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை’ என்றார். முதலாளி போனதும் என்னை நன்றாகத் திட்டினார். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராத்திரி பதினொன்று வரைக்கும் என்னோடு லேபிள் பிரித்தார். அதன்பிறகு இன்றுவரை லேபிளைப் பார்க்காமல் நான் ஒரு பண்டிலைக் கட்டு அவிழ்த்ததில்லை.

‘கண்டிப்பு இல்லையென்றால் வேலை நடக்காது’ என்று கமெண்டில் எழுதுவீர்கள். அந்த அண்ணன் கண்டிக்கவில்லையா? தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். ‘சரக்கு வாங்குகிற பையருக்கு யார் பதில் சொல்வது?’ என்பீர்கள். மேனேஜர்தான். அதற்குத்தான் அவருக்கு அந்தச் சம்பளம்.

இதே மேனேஜர் அக்டோபர் 15 அன்று கலாம் ஐயா படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 கடலில் விழுந்த கதையையும் எங்களுக்கு அனுப்பினார். கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும் ராக்கெட்டை ஏவும் முடிவை எடுத்தது நான்தான் என்று கலாமே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தபோது, ‘நீ போய்ப் பேசு’ என்று கலாமை அனுப்பினார். அதை ஃபார்வர்டு செய்த அதே கைதானே சார் இந்த போட்டோவையும் எடுத்தது?

‘நீ என்ன யூனியன் ஆளா, நல்லவன் வேஷம் போடுகிறாயா’ என்று நேற்று ஒருவர் போனில் கேட்டார். பத்து வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் டீ குடித்தவர். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. நல்லவன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. போன வருடம் ஒரு ஹெல்பர் பெண் மேல் பழி விழுந்தபோது வாய் மூடி நின்றவன்தான் நானும். அவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதனால்தான் இந்த முறை பேசுகிறேன்.

நேற்று சனிக்கிழமை சம்பளம். அக்கா வரவில்லை, எட்டாவது படிக்கிற மகனை அனுப்பியிருந்தார். கவரை வாங்கிக்கொண்டு, ‘அம்மா போட்டோ இன்னும் குரூப்பில் இருக்கா அங்கிள்?’ என்று கேட்டான்.

இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அதை எடுங்கள் சார். எடுத்துவிட்டு, அதே குரூப்பில் துணியை வெட்டச் சொன்னது யார் என்று எழுதுங்கள்.