கடைக்கு லீவு, ஆளுக்கு ஒண்ணுமில்ல

(ராஜபாளையம். ஆனி மாசக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பஞ்சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. கூட்டம் கலைந்துவிட்டது. பெஞ்சில் ரிட்டயர்டு கண்டக்டர் குருசாமி. பாய்லருக்குப் பின்னால் கடைக்காரர் மாரியப்பன்.)

குருசாமி: தம்பி, இந்த டீயில எத்தனை ஸ்பூன் சீனி?

மாரியப்பன்: வழக்கம்போலத்தான் அண்ணாச்சி. ஒண்ணு.

குருசாமி: தீபாவளிக்கு அந்த ஒண்ணு தலை வழிச்ச ஸ்பூன். பொங்கலுக்குக் கொஞ்சம் மேடு தட்டுச்சு. இப்ப ஸ்பூன் மேல ஒரு மலையே நிக்குது.

மாரியப்பன்: ருசி பார்த்துத்தானே போடுறேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

குருசாமி: அதான் கோளாறு. விடியக்காலம் 4 மணியில இருந்து உன் டீயையே நீ குடிக்கிற. நாக்கு மரத்துப்போச்சு. மரத்த நாக்குக்கு எப்பவும் சீனி பத்தாது, தூளும் பத்தாது. ஸ்பூனுக்கு 3 கிராம் கூடுதுன்னு வை. 300 டீக்கு 900 கிராம். மாசத்துக்கு 27 கிலோ.

மாரியப்பன்: (ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) சீனி மூட்டை சீக்கிரம் காலியாகுதேன்னு எலியைச் சந்தேகப்பட்டு பொறி வச்சேன் அண்ணாச்சி.

குருசாமி: எலி வெளியூர் போகணும். ஒருநாள் கடையை மூடிட்டு, எவன் கடையிலயாவது காசு குடுத்து டீ குடி. மறுநாள் உன் டீயை வாயில வச்சா பாயசமா டீயான்னு உனக்கே தெரிஞ்சுபோகும்.

மாரியப்பன்: கடையை மூடுறதா? யாரு செத்தான்னு கேப்பாங்க! 11 வருஷத்துல மூணு தடவை மூடியிருக்கேன். அப்பா, மாமனார், பெரியம்மா. போன வருஷம் பல்லு புடுங்க அரைநாள் மூடினதுக்கே பால்காரன் மாலையோட வந்துட்டான்.

குருசாமி: மாலையை என்ன பண்ணின?

மாரியப்பன்: வாடுற வரைக்கும் பாய்லருக்குப் போட்டிருந்தேன்.

குருசாமி: சரி, மூடுறதுல உனக்கு என்ன கஷ்டம்?

மாரியப்பன்: 300 டீ, 12 ரூபாய். 3600 ரூபாய் போயிரும்.

குருசாமி: அது கலெக்‌ஷன். கலெக்‌ஷனை வீட்டுக்கா கொண்டுபோற? பால் 22 லிட்டர், 50 ரூபாய் மேனிக்கு 1100. தூளு ஒரு 300. சீனி 140, உன் மலையைச் சேர்க்காம. கேஸ் 260. மொத்தம் 1800. மூடின அன்னைக்கு இது எதுவுமே செலவாகாது. அப்ப நஷ்டம் 1800தான்.

மாரியப்பன்: சப்ளை பார்க்கிற ஆளுக்குச் சம்பளம்?

குருசாமி: அந்த 500ஐக் குடுத்திரு. திறந்தாலும் குடுக்கிறதுதானே. கடை வாடகையும் அப்படித்தான். மாசம் 27 கிலோ சீனியை வீணாக் கரைக்கிற ஆளு 1800 ரூபாய்க்கு அழுவுற. அந்தச் சீனி மட்டும் 1200 ரூபாய்க்கு மேல ஆகும்.

மாரியப்பன்: வடை?

குருசாமி: ஊறப்போடாத பருப்புக்கு என்ன நஷ்டம்? நாளைக்கு ராத்திரி கைவாக்குல கடலைப்பருப்பை ஊறப்போட்டிராத, அவ்வளவுதான்.

மாரியப்பன்: அப்ப ஒண்ணு செய்யிறேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. வீட்டுல படுத்துத் தூங்குறேன்.

குருசாமி: தூங்குவியாக்கும்! 3:30க்கு முழிப்பு தட்டும். 4 மணிக்குக் காலு தன்னால கடைப்பக்கம் நடக்கும். சும்மா ஒரு பார்வை பார்ப்போம்னு ஷட்டரைப் பாதி தூக்குவ. பாதி தூக்கின ஷட்டருக்குக் கீழ மில்லுக்காரன் ஒருத்தன் தலையை நுழைச்சு 'ஒரு ஸ்ட்ராங்'கும்பான். லீவு அதோட முடிஞ்சது. லீவுன்னா ஊர் எல்லையைத் தாண்டணும் தம்பி. குற்றாலம் போ. சீசன் நடக்குது, சாரல் அடிக்குது.

மாரியப்பன்: நினைச்ச உடனே கிளம்ப முடியுமா?

குருசாமி: நினைச்ச உடனே கிளம்பினா கடை நாறிப்போகும். கடையை மூடுறதும் ஒரு வேலை. எழுதிக்கோ. பால்காரன்கிட்ட நாளைக் காலையிலேயே சொல்லு. ராத்திரி சொன்னா 22 லிட்டரை எங்க கொண்டுபோய் ஊத்துவான்? முன்கூட்டியே சொன்னா சொசைட்டிக்குத் திருப்பிவிடுவான். பன்னுக்காரனுக்கும் பேப்பர்காரனுக்கும் அப்படியே.

மாரியப்பன்: பேப்பரைக் கதவிடுக்குல போட்டுட்டுப் போகட்டுமே?

குருசாமி: இந்தத் தெருவுல ஓசிப் பேப்பர் 10 நிமிஷம் கிடந்ததா சரித்திரமே கிடையாது. அப்புறம் டீப்பை. சுடுதண்ணியில நாலு தரம் அலசி வெயில்ல காயப்போடு. ஈரமாச் சுருட்டி வச்சா புதன்கிழமைக்குள்ள பூஞ்சை வாடை ஏறிடும். அதுக்காகச் சோப்பைப் போட்டுத் துவைச்சிராத.

மாரியப்பன்: போட்டா?

குருசாமி: முதல் 20 டீ நுரை நல்லா நிக்கும். குடிச்ச ஆளுக்குத்தான் நிக்காது.

மாரியப்பன்: பாய்லர்?

குருசாமி: அதுதான் முக்கியம். தண்ணியைத் திறந்துவிட்டுக் காலி பண்ணிரு. இங்க போர் தண்ணி, உள்ள நிக்க நிக்க உப்பு படியும். படிஞ்ச உப்பு சூட்டை உள்ள விடாது, கேஸ்தான் கரியாகும். ஆனா புதன்கிழமை தூக்கக் கலக்கத்துல வருவ, கை பழக்கத்துல நேரா அடுப்பைப் பத்தவைக்கும். தண்ணியில்லாத பாய்லர் அடிபொத்துப் போகும். அதனால அடுப்புத் திருகுல இப்பவே சிவப்புத் துணி ஒண்ணைக் கட்டி வை. பார்த்ததும் தண்ணி ஞாபகம் வரணும்.

மாரியப்பன்: கேஸ்?

குருசாமி: அடுப்புத் திருகை மட்டும் மூடிட்டுப் போகாத, சிலிண்டர்லயே மூடு. பிஸ்கட் பாட்டிலை இறுக்கித் திருகு, ஆனிச் சாரல்ல நமத்துப்போகும். வடைச்சட்டி எண்ணெயை மூடி வை, இல்ல கரப்பான் குளிச்சு முடிச்சிருக்கும்.

மாரியப்பன்: அதுவும் குற்றாலம் மாதிரிதான். சரி, எப்படிப் போறது?

குருசாமி: (குரல் தானாக உயர்கிறது) சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசீ! 60 கிலோமீட்டர் சொச்சம். ரெண்டு மணி நேரம் வச்சுக்கோ. தென்காசியில மாறினா குற்றாலம் 5 கிலோமீட்டர் சொச்சம்தான். விடியக்காலம் ஏறிட்டா வெயில் ஏறுமுன்ன அருவியில நிப்ப. நல்லவேளை, செவ்வாய்க்கிழமை. ஞாயித்துக்கிழமை போனா அருவியில நனையிறதைவிட அடுத்தவன் வேர்வையிலதான் நனைவ.

மாரியப்பன்: மெயினருவி அடி தாங்குமா அண்ணாச்சி? இடுப்புல பிடிப்பு வேற இருக்கு.

குருசாமி: அங்கதான் சூட்சுமம். மேல இருந்து விழுற தண்ணி நேரா உன் தலைக்கு வராது. நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம். அதுல விழுந்து, வேகம் அடங்கி, பொங்கித்தான் கீழே இறங்கும். அந்தப் பள்ளம் இல்லைன்னா ஒரு பய உள்ள நிக்க முடியாது. தண்ணியே நடுவுல இறங்கி ஒரு டீ அடிச்சுட்டுத்தான் வருது. நீ 11 வருஷமா எங்கயும் நிக்காம விழுந்துக்கிட்டிருக்க!

மாரியப்பன்: எண்ணெய் தேய்ச்சுட்டுப் போகவா? இடுப்புக்கு நல்லாயிருக்கும்.

குருசாமி: அதெல்லாம் வீட்டோட. அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுக்கும் தடை. உள்ள போனதும் கம்பியைப் பிடி. முதல்ல கையைக் காட்டு, அப்புறம் தோளு, அப்புறம் முதுகு. எடுத்த எடுப்புல உச்சந்தலையைக் காட்டினா மூச்சு முட்டும். வேட்டியோட போகாத.

மாரியப்பன்: ஏன்?

குருசாமி: நனைஞ்ச வேட்டி கனத்து இறங்கும். நீ கம்பியைப் பிடிப்பியா, வேட்டியைப் பிடிப்பியா? ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சவன் வேட்டி சிற்றாத்துல மிதந்து, உனக்கு முன்னாடி தென்காசி போயிரும். நாடா வச்ச டவுசர் போடு, ரெண்டு முடிச்சுப் போடு. பல்செட்டு இருந்தா கழட்டிப் பையில வை.

மாரியப்பன்: எனக்கு ஒரு பல்லுதானே போச்சு. செட்டு உங்களுக்குத்தான் அண்ணாச்சி.

குருசாமி: பொதுவாச் சொன்னேன். பணத்தையும் போனையும் பிளாஸ்டிக் உறையில கட்டு. எலுமிச்சைச் சோறு கொண்டுபோனா மூடின பைக்குள்ள இருக்கட்டும், வெளியே தெரிஞ்சா குரங்குக்குத்தான் பந்தி. வயிறு முட்டத் தின்னுட்டும் அருவிக்குள்ள போகாத. முதல்ல குளி, அப்புறம் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவைப் பிரிச்சு மேயி. இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காத. தெளிஞ்சு விழுற தண்ணி திடீர்னு செம்மண் நிறமா மாறினாலோ, இலை தழை குச்சின்னு வந்தாலோ, அந்த நிமிஷமே வெளியே வந்திரணும். கீழே வெயிலடிக்கும், மேல மலையில மழை கொட்டியிருக்கும். போலீஸ் விசில் ஊதுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மாரியப்பன்: போனதும் குளிக்கத் தடைன்னு சொல்லிட்டா?

குருசாமி: அருவிக்கு முன்னால கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி விழுந்தா விடமாட்டாங்கதான். பக்கத்துலயே குற்றாலநாதர் கோயில், சங்கு மாதிரி கட்டியிருக்கும். அந்தாக்குல சித்திரசபை. நடராசரைச் சிலையா இல்ல, சுவத்துல சித்திரமா கும்பிடுற இடம். அதைப் பார்த்துட்டு, மங்குஸ்தான் வாங்கித் தின்னுட்டு, சாரல்ல நனைஞ்சுட்டு வா.

மாரியப்பன்: தண்ணி ரொம்பக் குளிருமோ?

குருசாமி: ம்... குளிரும்பாங்க.

மாரியப்பன்: பாங்களா?

குருசாமி: (டம்ளருக்குள் பார்த்தபடி) ஏறுற ஆளுக எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க.

மாரியப்பன்: அண்ணாச்சி. நீங்க குற்றாலத்துல குளிச்சிருக்கீங்களா, இல்லையா?

குருசாமி: வண்டி திருப்ப 10 நிமிஷம்தான் தம்பி. அதுக்குள்ள டிரிப் ஷீட்டு எழுதணும், சில்லறை எண்ணணும். எங்கிட்டுப் போய்க் குளிக்க? தலை ஈரத்தோட ஏறின ஆளுக பேசினதைக் கேட்டே எல்லாம் மனப்பாடம்.

மாரியப்பன்: அப்ப வேட்டி, பல்செட்டு?

குருசாமி: ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாசஞ்சர் பறிகுடுத்தது.

மாரியப்பன்: செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்க. ரெண்டு டிக்கெட்டு.

குருசாமி: எனக்கு 6:10க்கு டீ குடிச்சாத்தான் வயிறு இளகும். 7 மணிக்குப் பிரஷர் மாத்திரை. 8 மணிக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்துல விடணும். செவ்வாய்க்கிழமை கோயில் வேற.

மாரியப்பன்: மாத்திரை சட்டைப்பையில வரும். பேரனை அவங்கப்பன் ஒருநாள் விடட்டும். கோயிலு, நீங்க சொன்ன சங்கு கோயிலே இருக்கு. 6:10 டீ வழியில எந்த ஊர்ல வருதோ அங்க. உங்க கணக்குப்படியே உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?

குருசாமி: (விரலை மடக்குகிறார். நீட்டுகிறார். மறுபடி மடக்குகிறார்.) ஜன்னல் சீட்டு எனக்கு.

மாரியப்பன்: எடுத்துக்கோங்க. டிக்கெட் கிழிக்கக் கை நீட்டினீங்கன்னா மட்டும் நடுவழியில இறக்கி விட்டுருவேன்.

(மாரியப்பன் வடை விலைப் பலகையைத் துடைத்துச் சாக்பீஸால் எழுதுகிறார். குருசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்கிறார்.)

குருசாமி: 'செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. யாரும் சாகவில்லை.' என்னடா இது?

மாரியப்பன்: பால்காரன் மாலை வாங்கிட்டு வந்துரக் கூடாதுல்ல?

குருசாமி: கடைசி வரியை அழி. உங்கிட்ட பாக்கி வச்சிருக்கிறவன் ஒருநாளாவது சந்தோஷமா இருக்கட்டும்.